போண்டாவுக்கு எல்லாம் தெரியும்

நவம்பர் 4, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அக்கா மகள் பிரதீபா விலங்கியல் படிக்கப் போகிறேன் என்றபோதே, "இது ஒருநாள் பாம்பைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைக்கும்" என்றேன். வைத்தது. "அந்தப் பாம்பு கடைசியில் என் தலையில்தான் விழும்" என்றேன். இன்று காலை விழுந்தது. யாராவது எழுதி வைத்திருந்தால் தேதியோடு காட்டலாம். எங்கள் குடும்பத்தில் எழுதும் பழக்கம் எனக்கு ஒருவனுக்குத்தான்.

பிரதீபா கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். டேராடூனில் நாற்பது நாள் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள். அவள் அம்மா, என் அக்கா மயிலாத்தாள், பேரன் பிறந்திருக்கிறான் என்று பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். இங்கே வீட்டில் நானும் போண்டாவும்.

போண்டா என்பது பாம்பு. ஆப்பிரிக்க மலைப்பாம்புச் சாதி, விஷம் கிடையாது, மூன்றரை அடி. சுருண்டு உட்கார்ந்தால் எண்ணெயில் போட்டு எடுத்த மாதிரியே இருக்கும். வனத்துறையில் பதிவு செய்த காகிதம் உண்டு. வெளியாட்களிடம் நான் ஒன்பது அடி என்று சொல்வது வழக்கம். சுருண்டிருப்பதை யார் அளக்கப் போகிறார்கள்?

இந்த நோட்டு பிரதீபா கொடுத்தது. "மாமா, காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பெட்டிக்குள்ள சூடு எத்தனைன்னு எழுதுங்க. தின்னுச்சா, வெளிய போச்சா, தோல் உரிச்சுதா, அவ்வளவுதான். கதை வேண்டாம்."

"நான் எப்பக் கண்ணு கதை சொன்னேன்?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பதில் சொல்வதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பனிக்காலம், சன்னல் சாத்தியே இருக்க வேண்டும். கொசுவத்தி கூடாது. ஊதுபத்தி கூடாது. சென்ட், பினாயில் கூடாது. இரண்டு முறை படித்தேன்.

சூடு 31.

நவம்பர் 5, செவ்வாய்

காலை 31, மாலை 30. தண்ணீர் மாற்றினேன்.

நான் இருபத்தெட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்தே இவன் டிக்கெட் எடுப்பானா, தூங்குகிற மாதிரி நடிப்பானா என்று சொல்லிவிடுவேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. அந்தக் கண்டக்டர் கண்ணால் போண்டாவைப் பார்த்துச் சொல்கிறேன்: இது விஷயம் தெரிந்த பாம்பு. நான் உள்ளே போனதும் நாக்கை மூன்று தரம் நீட்டியது. பால்காரர் எட்டிப்பார்த்தபோது ஒரே தரம்.

அக்கா போனில் கூப்பிட்டாள். "ஏண்டா சென்னியப்பா, செவ்வா வெள்ளி சாம்பிராணி போடாம இருந்தராத. பாம்பு இருக்கற ரூமுக்கு ரெண்டு கரண்டி சேத்திப் போடு. வெளக்குப் பொருத்தற ஊட்ல இதையெல்லாம் வெச்சுட்டு, சாமிக்கு நாம என்ன பதில் சொல்றது?"

தாளை மறுபடி பார்த்தேன். சாம்பிராணி என்று எழுதவில்லை. சரிதான். கொசுவத்தி என்பது புகை. சாம்பிராணி என்பது பூஜை. படித்த பெண், வித்தியாசம் தெரியாமலா எழுதியிருப்பாள்? கொட்டாங்குச்சிக் கரி போட்டு, ஒரு கையில் தூபக்கால், ஒரு கையில் மணி, வீடு முழுக்கக் காட்டினேன். போண்டா அறையில் சன்னலைத் திறக்காததால் வாசம் மதியம் வரைக்கும் நின்றது.

நவம்பர் 8, வெள்ளி

31, 31. சாம்பிராணி.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று சாப்பாட்டு நாள். எலி ஃப்ரீசரில், இட்லி மாவுக்குப் பின்னால், கறுப்புக் கவரில் இருக்கிறது. வெந்நீரில் போட்டுக் கதகதப்பாக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்ட வேண்டும். நான் "ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். மூன்று என்ற பிறகுதான் பாய்ந்தது. இரண்டில் பாயவில்லை. எண்ணத் தெரிந்த பாம்பை உலகத்தில் முதலில் பார்த்தவன் நானாக இருக்கலாம்.

பிரதீபாவிடம் சொன்னேன். "நீங்க மூணு சொல்ற வரைக்கும் இடுக்கியைத் தள்ளிப் புடிச்சிருந்தீங்களா மாமா?" என்றாள். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை, ஒன்றும் சொல்வதற்கில்லை.

எலியை எடுக்க வெளியே வைத்த மாவு புளித்துவிட்டது.

நவம்பர் 13, புதன்

பெட்டியின் கண்ணாடிக் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. நேற்றுச் சாம்பிராணி காட்டிவிட்டு நான் சாத்தியது நூறு சதம் உறுதி. தொண்ணூறு சதம். உள்ளே போண்டா இல்லை.

அரை மணி நேரம் தேடினேன். பதற்றம் ஒன்றும் இல்லை, கட்டிலைத் தனியாகத் தூக்கிப் பார்த்ததில் மட்டும் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் பிரதீபாவின் அலமாரி அடித்தட்டில், அவள் பழைய துப்பட்டாவுக்குள் இருந்தது. அலமாரியில் என் வேட்டியும் இருந்தது. அதற்குள் போகவில்லை.

"உன்னைத் தேடுது கண்ணு," என்றேன் போனில்.

"வாசம் தெரிஞ்சிருக்கும் மாமா. அதுக்கு மேல நாம சொல்லக்கூடாது. கண்ணால பாத்தது எது, நாம நெனச்சுக்கறது எதுன்னு தனித்தனியா எழுதணும்." பிறகு சொன்னாள்: பாம்புக்கு எதுவும் மனசில் பதியாது என்று அவள் துறையில் ஒரு மூத்தவர் சொல்லிச் சிரிக்கிறாராம். பதியும் என்று காட்ட இரண்டு வருஷமாகக் குறித்து வருகிறாளாம். "அதனாலதான் மாமா உங்களை எழுதச் சொன்னேன்."

என்னை நம்பித்தான் ஆராய்ச்சியே நிற்கிறது என்று தெரிகிறது.

நவம்பர் 15, வெள்ளி

30, 31. சாம்பிராணி. புகையில் பெட்டியே தெரியவில்லை. கர்ப்பக்கிரகம் மாதிரி இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

எலியைத் தொடவில்லை. மூன்று வரை எண்ணினேன், பத்து வரை எண்ணினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிறகு நாள்காட்டியைப் பார்த்தேன். நேற்று கார்த்திகை ஒன்று! ஊரில் மாலை போட்டவர்கள் எல்லாம் கவுச்சி விட்டுவிட்டார்கள். போண்டாவும் விட்டுவிட்டது. பிரதீபாவுக்கு இதைச் சொன்னபோது சிரித்தாள். "குளிர் நாள்ல ஒரு வாரம் ரெண்டு வாரம் திங்காது மாமா. எடை மட்டும் பாருங்க."

எடை பார்க்கும் தராசில் பேட்டரி இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

31, 31. சாம்பிராணி.

நவம்பர் 21, வியாழன்

முக்கியமான நாள். போண்டா விசில் அடிக்கிறது.

முதலில் குக்கர் என்று நினைத்தேன். அடுப்பில் குக்கர் இல்லை. பெட்டிக்கு அருகில் காதை வைத்தேன். மெல்லிசாக, சீராக, மூக்கு வழியாக. கண்டக்டருக்கு விசிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுத்தத்துக்கு ஒன்று, போவதற்கு இரண்டு. நான் இரண்டு கொடுத்தேன். அதுவும் இரண்டு கொடுத்தது. பிறகு நான் நிறுத்திய பின்னும் அது நிறுத்தவில்லை.

மாலை மூக்கு ஓரம் குமிழி மாதிரி ஈரம் இருந்தது. தண்ணீர் குடித்திருக்கும்.

நவம்பர் 22, வெள்ளி

ஒருவேளை சளியாக இருக்குமோ என்று தோன்றியது. நம் வீடுகளில் குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டினால் என்ன செய்வோம்? சாம்பிராணி காட்டுவோம், சளி அண்டாது. அதனால் இன்று இரண்டு தரம் போட்டேன். பெட்டிக்கு அருகிலேயே தூபக்காலை வைத்து, கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்றும் சாப்பிடவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சங்கதி நடந்தது. போண்டா தலையை நேராக மேலே தூக்கி, கூரையைப் பார்த்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பேச வருகிறது, வார்த்தை கிடைக்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஆகிறது! வீடியோ எடுத்து, "உன் போண்டா பேசுகிறது" என்று எழுதிப் பிரதீபாவுக்கு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

"மாமா, அது பேசல! மூச்சு முட்டுது! எத்தனை நாளா இப்படி இருக்குது?"

"இன்னைக்குத்தான்..."

"விசில் மாதிரி சத்தம் வந்துச்சா?"

வியாழக்கிழமை என்று சொன்னேன். மறுமுனையில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. பாம்புக்கு நுரையீரலில் நோய் வந்தால் சளியைத் துப்பத் தெரியாதாம், இருமத் தெரியாதாம். உள்ளேயே நிறைந்து போய்விடுமாம். டாக்டர் ஜெசிந்தா என்பவரின் நம்பரை அனுப்பினாள்.

சூடு எழுத மறந்துவிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

துணிப்பையில் போட்டு, பையை டப்பாவில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டு ஆள் கேட்டார்.

"டப்பாவுல என்னங்க?"

"போண்டா."

"சூடா இருக்குதுங்களா?"

"முப்பத்தொண்ணு இருக்கோணும். கொஞ்சம் கொறஞ்சிருக்கும்."

அவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டர் ஜெசிந்தா சின்ன வயசுக்காரர். குழாய் வைத்துக் கேட்டார், வாயைத் திறந்து பார்த்தார், ஊசி போட்டார். "நுரையீரல் ரொம்ப மோசமா இருக்கு ஐயா. பெட்டியில சூடு குறைஞ்சுதா? ரூம்ல புகை, ஸ்ப்ரே ஏதாவது?"

"புகையா? எங்க ஊட்லயா? தாளே ஒட்டியிருக்குதுங்களே."

தாளில் உள்ளதை வரிசையாகச் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

நவம்பர் 26, செவ்வாய்

30, 31. சாம்பிராணி போடவில்லை. கரி தீர்ந்துவிட்டது.

நவம்பர் 27, புதன்

இரண்டாவது ஊசி. விசில் குறையவில்லை. போண்டாவைக் கையில் எடுத்தால் முன்பு மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும். இப்போது துண்டு மாதிரி தொங்குகிறது.

பிரதீபா ஒரு நாளைக்கு நாலு தரம் கூப்பிடுகிறாள். பயிற்சியை விட்டுவிட்டு வரட்டுமா என்கிறாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நவம்பர் 29, வெள்ளி

மூன்றாவது ஊசிக்குப் போனேன். டாக்டர் எடை போட்டார். முதல் நாள் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது.

"வெறும் கிருமின்னா இந்நேரம் கொஞ்சமாவது தேறியிருக்கணும். இனி அடுத்த மருந்துதான். அது கிட்னியை அடிக்கும். இந்த எடைக்குத் தாங்குமான்னு தெரியல." சிரிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்ல வேற ஏதாவது? உங்களுக்குச் சின்னதாத் தெரியலாம்."

மேசை மேல் போண்டா கிடந்தது. வாய் திறந்திருந்தது.

நான் சொன்னேன்: "சின்ன விசயந்தாங்க. இந்தப் பாம்பு ரொம்பப் புத்திசாலிங்க. செவ்வா வெள்ளியானா, நான் மணி அடிக்கறது காதுல உழுந்ததும் ஓடிப்போயி பெட்டி மூலையில இருக்கற தண்ணித் தொட்டிக்கு அடியில ஒளிஞ்சுக்குதுங்க. மத்த நாள்ல மணி அடிச்சாலும் ஒளியுது."

"என்ன மணி?"

"பூஜை மணிங்க."

"மணியோட வேற என்ன?"

"சூடம்... சாம்பிராணி."

சிரிஞ்சைக் கீழே வைத்தார். "எங்க போடுவீங்க?"

"ரூம்லதாங்க."

"சன்னல்?"

"சாத்தித்தான். தாள்ல அப்படித்தான் போட்டிருக்குதுங்க."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு பதில் வைத்திருந்தேன். "பாவம், அது உங்ககிட்டச் சொல்லியிருக்கு ஐயா," என்றார். "மணி வந்தா அடுத்தது புகைன்னு கத்துக்கிட்டு ஒளிஞ்சிருக்கு. நாமதான் கவனிக்கல."

அடுத்த மருந்து போடவில்லை. ஆக்சிஜன் வைத்தார். மூச்சுக்கு ஆவி வைக்கும் கருவி ஒன்றைக் கொடுத்தார். பெட்டியில் உள்ள தேங்காய்நார், மரத்துண்டு எல்லாவற்றிலும் புகை ஏறியிருக்கும், அதைத்தான் இன்னமும் சுவாசிக்கிறது. ஒன்றுவிடாமல் எறிந்து, பெட்டியைக் கழுவி, வேறு அறைக்கு மாற்றச் சொன்னார். கழுவினேன். தண்ணீர் டீ நிறத்தில் வந்தது.

நவம்பர் 30, சனி

பிரதீபாவுக்கு டாக்டரே சொல்லிவிட்டார். அவள் கூப்பிட்டபோது நான் குளியலறையில் இருந்தேன். இரண்டாவது தரமும் குளியலறையில் இருந்தேன். மூன்றாவது தரம் எடுத்தேன்.

"மாமா, சாம்பிராணி கூடாதுன்னு நான்தான் எழுதாம உட்டுட்டேன். நம்ம ஊட்டைத் தெரிஞ்சும் எழுதல." அதோடு அதை முடித்துவிட்டாள். குரல் மாறியது. "மணி அடிச்சா ஒளிஞ்சுதுங்களா? நெசமாவா? எத்தனையாவது தரத்துல இருந்து?"

"மூணாவது தரத்துல இருந்து," என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

31, 31. விசில் இல்லை. தலை கீழே இருக்கிறது.

டிசம்பர் 6, வெள்ளி

தானாகத் தண்ணீர் குடித்தது. என் கையைச் சுற்றியது. பிரதீபா அவள் துறை முழுக்க மணிக் கதையைச் சொல்லிவிட்டாள். அந்தச் சிரிக்கிற மூத்தவர், "அப்படியா?" என்று கேட்டாராம், சிரிக்கவில்லையாம். பதினாறாம் தேதி மாணவர்கள் முன்னால் நானே வந்து சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகு டாக்டரும் அவளும் சேர்ந்து எழுதப் போகிறார்கள். சென்னியப்பன் என்று என் பெயர் அச்சில் வரும்.

வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டேன். மூன்றாவது தரம் ஒளிந்தது எப்படி, எந்தப் பக்கமாகப் போனது என்பதற்குக் கொஞ்சம் மெருகு சேர்த்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எலி தின்றது. நான் எதுவும் எண்ணவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

அக்கா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். வந்ததும் போண்டா பெட்டி அவள் அறைக்கு அடுத்த அறைக்கு மாறியிருப்பதைப் பார்த்தாள். பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். "ஏண்டா, கரி தீந்துபோச்சுன்னியே, அரை மூட்டை கெடக்குதே?"

டிசம்பர் 13, வெள்ளி

காலை எட்டு மணிக்கு அக்கா தூபக்காலோடு வந்து நின்றாள். கரி சிவந்திருந்தது. மணியை என் கையில் கொடுத்தாள்.

"மணியை அடி."

"அக்கா, டாக்டரம்மா வேண்டாம்னாங்க."

"அந்தம்மா வேண்டாம்னது, பாம்பு புகையில மாட்டிக்கும்னுதான? இதுதான் மணி அடிச்சா அதும்பாட்டுக்குப் போயி ஒளிஞ்சுக்குதாமே. பெங்களூர் வரைக்கும் பேச்சு. உன்ற மருமக போன்ல அப்படிப் பூரிக்கறா. சித்தே முன்னாடியே அடி, அது பத்திரமா போயிக்கட்டும். மூணு வாரமா ஊடு பூஜை இல்லாம கெடக்குது, பச்சப்புள்ள வரப்போற ஊடு."

"இந்த ரூமுக்கு மட்டும் வேண்டாங்க்கா."

"இந்த ரூமுக்குத்தாண்டா வேணும். ஏன், ஒளியாதா?"

கண்டக்டராக இருந்தபோது செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால்கூட எனக்கு ஏதாவது ஒரு பதில் வாயில் நிற்கும். அதில் பாதியை அவரே நம்பிவிடுவார். இன்று என் அக்கா, என் வார்த்தையை முழுசாக நம்பி, அதைத் தூபக்காலில் ஏந்திக்கொண்டு நின்றாள். இரண்டாவது கரண்டி சாம்பிராணியை எடுத்துவிட்டாள்.

"ஒளியாதுக்கா," என்றேன்.

"என்னது?"

"ஒளியாது. நான் உட்ட கதை."

அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப டாக்டரம்மாகிட்டச் சொன்னது? புள்ளகிட்டச் சொன்னது?"

தூபக்காலை அவள் கையிலிருந்து வாங்கினேன். கொல்லைக்குக் கொண்டுபோய்க் குழாயடியில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டேன். பெரிய சத்தம் போட்டு அணைந்தது. அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். மதியம் சோறு போட்டாள். சாயங்காலம் மட்டும் ஒரு வார்த்தை: "நாளைக்கு வாறாளே, யார் சொல்றது? நீயா, நானா?"

31, 31.

டிசம்பர் 14, சனி

காலை 31. தண்ணீர் மாற்றினேன். தராசுக்குப் பேட்டரி வாங்கிப் போட்டேன். டாக்டர் போட்ட எடையைவிட நூற்று இருபது கிராம் ஏறியிருக்கிறது. இது தராசில் கண்ணால் பார்த்தது.

பிரதீபாவின் ரயில் பதினொன்றரைக்கு. வந்ததும் முதலில் போண்டாவைப் பார்ப்பாள், பிறகு இந்த நோட்டைக் கேட்பாள். நேரில் என்னால் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும். எழுதினால் அடித்துத் திருத்தலாம். இந்தப் பக்கத்தை நான்கு தரம் அடித்து எழுதியிருக்கிறேன்.

கண்ணு, எண்ணத் தெரிந்தது, விசில் அடித்தது, கார்த்திகை விரதம் இருந்தது, இதையெல்லாம் நீயே கழித்துக்கொள்வாய், உனக்கு என்னைத் தெரியும். மணி அடித்ததும் ஒளிந்தது என்பதை மட்டும் நீ கழிக்கவில்லை. டாக்டரம்மாவும் கழிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நான்தான் புகை போட்டேன் என்று அந்த மேசை முன்னால் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாம்பு சொன்னதாகச் சொன்னால் சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லிவிட்டேன்.

பதினாறாம் தேதி என்னைக் கூப்பிட வேண்டாம். மணிக்கு ஒளிந்துகொள்ளும் என்று நம்பி அந்த அறையில் யாரும் எதையும் கொளுத்தவும் வேண்டாம்.

மணிக்கு அது ஓடவில்லை. சாம்பிராணி போட்ட ஆறு நாளும், இருந்த இடத்திலேயே இருந்தது.